கயிற்றின் மறுமுனை

ஆட்சி செய்வோர் கூடியிருந்து முடிவெடுக்கும் அறையின் சுவர்களிலே நீதியின் உருவத்தையும் அநீதியின் உருவத்தையும் எழுதி வைத்தால், அவ்வறையில் இருப்போர் நீதிமான்களாகி விடுவார்களா? கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். சுவர்ச் சித்திரத்தைப் பார்த்து மனிதர் திருந்துவதாயின் நீதிமன்றங்களும் சிறைச்சாலைகளும் தேவைப்பட்டிரா என்று உடனேயே பதில் சொல்லிவிடவும் முடியும். ஆனால், உலகின் பெரும் மாநகர மண்டபங்களிலும் அரச மாளிகைகளிலும் பல, தமது சுவர்களைச் சும்மா விட்டுவைக்கவில்லை. அவற்றிலே உழைப்பும் சமாதானமும் நீதியும் பொதுநன்மையும் பெரும் செலவிலே தீட்டப்பட்டிருக்கின்றன. எதற்காக? பார்ப்போரைத் திருத்துவதற்கா, இருப்போரைப் புகழ்வதற்கா, அல்லது இவ்விரண்டும் அல்லாத வேறொன்றிற்கா?

எமது இலக்கிய வட்டாரங்களில் ‘கலை கலைக்காகவா, மக்களுக்காகவா’ என்ற விவாதம் நெடுங்காலம் நடந்து ஓய்ந்திருக்கிறது. அவ்விவாதத்தில் அதிகம் பேசப்படாத மூன்றாவது வகையொன்று உண்டு. அது ஆள்வோரின் பணத்தில், ஆள்வோரின் அறையில், ஆள்வோரை நோக்கியே செய்யப்படும் கலை. அதனை அரசவைத் துதி என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது இலகுவானது. அவ்வாறு ஒதுக்கிவிட முடியாத ஓர் அறையை முன்வைத்தே இக்கேள்வியை இங்கு ஆராய விரும்புகிறேன்.

அந்த அறை இத்தாலியின் டஸ்கனிப் பிரதேசத்திலுள்ள சியன்னா நகரில் இருக்கிறது. அந்நகரின் பொது மாளிகையான பலாஸோ புப்ளிக்கோவின் கட்டுமான வேலைகள் 1297ஆம் ஆண்டில் ஆரம்பமாயின. அதன் முன்னால், சிப்பியொன்றின் உட்புறம் போலச் சரிந்து கிடக்கும் கம்போ சதுக்கம். சதுக்கத்தின் தளம் ஒன்பது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 1287 முதல் 1355 வரை அந்நகரை ஆண்ட ‘ஒன்பதின்மர்’ சபையின் அடையாளம் அது.

இந்த ஒன்பதின்மர் யார்? மன்னர்களோ பிரபுக்களோ அல்லர். பெரும்பாலும் வணிகரும் வட்டித் தொழில் செய்தோரும். பெரும் பிரபுக் குடும்பங்களுக்கு அச்சபையில் இடமில்லை. நீதிபதிகளுக்கும் நொத்தாரிசுகளுக்கும் கூட இடமில்லை. ஒவ்வொரு சபையின் பதவிக்காலமும் இரண்டே மாதங்கள். அந்த இரண்டு மாதமும் அவர்கள் தம் வீடு வாசலையும் வியாபாரத்தையும் விட்டு மாளிகைக்குள்ளேயே தங்கியிருக்க வேண்டும். பின்னர் வேறு ஒன்பது பேர் வருவார்கள். ஆக, ஆண்டொன்றுக்கு 54 இடங்கள். அதிகாரம் ஒரே கையில் நீண்ட நாள் தங்கினால் என்னவாகும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தவர்களின் ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை.

இவர்கள் கூடும் அறைக்குச் சித்திரம் தீட்டும் பொறுப்பை அந்நகரின் ஓவியரான அம்புறோஜியோ லொறென்ஸெற்றியிடம் ஒப்படைத்தார்கள். 1338இலும் 1339இலும் அவர் அவ்வேலையைச் செய்து முடித்தார். அறை அவ்வளவு பெரிதல்ல. ஏறத்தாழ 14 மீற்றர் நீளமும் 7 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் கொண்டது. மூன்று சுவர்களில் ஓவியம். நான்காவது சுவரில் ஜன்னல்.

வடக்குச் சுவரில், அதாவது ஜன்னலுக்கு எதிரே, இரண்டு பேருருவங்கள் வீற்றிருக்கின்றன. இடப்புறம் நீதி. அவள் தலைக்கு மேலே ஞானம் தராசொன்றை ஏந்தியிருக்கிறது. நீதியின் பார்வை மேலே ஞானத்தை நோக்கியிருக்க, அவளது கைகள் தராசின் தட்டுகளைச் சமப்படுத்துகின்றன. அத்தட்டுகளிலிருந்து இரண்டு கயிறுகள் கீழிறங்கி, அவளுக்குக் கீழே அமர்ந்திருக்கும் இணக்கம் என்ற பெண்ணின் கைக்கு வருகின்றன. அவள் மடியிலே தச்சனின் சீவுளி. மேடுபள்ளங்களைச் சீவி மட்டமாக்குவதே அவளது தொழில் என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. அவள் அக்கயிற்றைப் பக்கத்திலே நிற்கும் குடிமக்களிடம் கொடுக்கிறாள். 24 பேர் வரிசையாக அதனைப் பிடித்தபடி நடந்து செல்கிறார்கள். கயிறு வலப்புறத்தில் வீற்றிருக்கும் முதியவரிடம் போய்ச் சேர்கிறது. நகரின் வர்ணங்களான கறுப்பிலும் வெள்ளையிலும் உடையணிந்த அம்முதியவரைச் சிலர் சியன்னாக் குடியரசு என்கிறார்கள். சிலர் பொதுநன்மை என்கிறார்கள். அவரது இருபுறமும் சமாதானம், மனவுறுதி, விவேகம், பெருந்தன்மை, நிதானம், நீதி ஆகிய ஆறு பெண்ணுருவங்கள். வெண்ணிற ஆடையுடன், களைந்து போட்ட போர்க்கவசத்தின் மேலே சாய்ந்து, ஒலிவக் கிளையைப் பிடித்திருக்கும் சமாதானத்தின் பெயராலேயே அவ்வறை இன்றும் சமாதான அறை என்று அழைக்கப்படுகிறது.

கிழக்குச் சுவரில் நல்லாட்சி நடக்கும் நகரமும் அதன் நாட்டுப்புறமும். சப்பாத்துக் கடை திறந்திருக்கிறது. ஆசிரியர் பாடம் நடத்துகிறார். கூரையிலே கொத்தனார்கள் வேலை செய்கிறார்கள். மணப்பெண் குதிரையிலே போகிறாள். தெருவிலே கைகோத்து ஆடுகிறார்கள். நகர வாயிலுக்கு வெளியே உழவும் சூடடிப்பும் நடக்கின்றன. பன்றியை ஓட்டிக்கொண்டு விவசாயி நகருக்குள் வர, கனவான்கள் வேட்டைக்காக வெளியே போகிறார்கள். ஐரோப்பிய ஓவியத்தில் இவ்வளவு விரிவான நிலக்காட்சி அதற்கு முந்திய பல நூற்றாண்டுகளில் வந்ததில்லை. அதன் மேலே பறக்கிறாள் பாதுகாப்பு என்னும் பெண். ஒரு கையில், அச்சமின்றி எவரும் நடமாடலாம், உழுது விதைக்கலாம் என்ற கருத்திலமைந்த வாசகச் சுருள். மறு கையில் தூக்குமரம். அதிலே தொங்கும் ஒரு மனிதன்.

மேற்குச் சுவரில் கொடுங்கோன்மை. கொம்பும் கோரைப்பல்லும் கொண்ட உருவம். மேலே பேராசை, அகந்தை, வீண்பெருமை. பக்கங்களில் கொடூரம், துரோகம், வஞ்சகம், வெறி, பிரிவினை, யுத்தம். பிரிவினையின் உடையில் ஒரு பாதி வெள்ளை, மறு பாதி கறுப்பு. ஒன்றிலே ‘ஆம்’, மற்றதிலே ‘இல்லை’. அவள் கையில் மரமரியும் வாள். எதிர்ப்பக்கத்தில் இணக்கம் சீவுளி வைத்திருக்கிறாள் என்பதை நினைவிற் கொண்டால் ஓவியரின் எண்ணம் விளங்கும். இரண்டுமே தச்சுப் பட்டறையின் ஆயுதங்கள்தாம். கொடுங்கோன்மையின் காலடியில் கட்டுண்டு கிடக்கிறாள் நீதி. அவளது தராசு உடைந்திருக்கிறது. அந்நகரில் வேலை நடப்பது ஆயுதம் செய்பவனின் பட்டறையில் மாத்திரமே. வயல்கள் பாழ். மேலே பறப்பது அச்சம். அதன் கையில் வாள். காலப்போக்கில் மூன்று சுவர்களிலும் அதிகம் சிதைந்து போனது இச்சுவர்தான்.

இனி எமது கேள்விக்கு வருவோம். இவ்வோவியத்தின் மீது சொல்லக்கூடிய குற்றச்சாட்டுகள் பலமானவை. அவற்றைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டுப் பேசுவதில் பயனில்லை.

முதலாவது, இது ஆட்சியாளர் தமக்குத் தாமே எழுதுவித்த நற்சான்றிதழ். நல்லாட்சி நகரம் எது? அறையை விட்டு வெளியே வந்தால் தெரியும் சியன்னாவேதான். கொடுங்கோன்மை நகரம் எது? பெயர் இல்லை. எங்கோ ஓரிடம். தீமை எப்போதும் மற்றவனுடைய ஊரில் நடப்பதாகக் காட்டுவது அதிகாரத்தின் பழைய வழக்கம். நல்லாட்சி என்ற சொல்லை 2015 முதல் 2019 வரை ஓர் அரசாங்கத்தின் பெயராகவே கேட்டுப் பழகிய எமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அந்த நல்ல நகரத்திற்கும் ஒரு விளிம்பு இருக்கிறது. முதியவரின் காலடிக்கு வலப்புறத்திலே கைகள் கட்டப்பட்ட கைதிகள் நிற்கிறார்கள். பாதுகாப்பின் கையிலே தூக்குமரம் இருக்கிறது. கயிற்றைப் பிடித்து நடக்கும் 24 பேரில் பெண் எவருமில்லை; பன்றியை ஓட்டிவரும் விவசாயியும் இல்லை. 1318ஆம் ஆண்டில் இறைச்சி வியாபாரிகளும் நொத்தாரிசுகளும் தமக்கும் ஆட்சியில் பங்கு வேண்டுமெனக் கிளர்ந்தெழுந்தபோது ஒன்பதின்மர் அதனைப் படைபலத்தால் அடக்கினார்கள். இணக்கத்தின் சீவுளி எவருடைய தோலைச் சீவியது என்று கேட்க இடமிருக்கிறது.

மூன்றாவது, பழக்கம். நாள்தோறும் பார்க்கும் சித்திரத்தைக் கண் பார்ப்பதில்லை. திருமண வீட்டுப் பந்தலின் சோடனையை மறுநாள் எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நீதியின் உருவமும் சில நாட்களில் சுவரின் நிறமாகிவிடும்.

நான்காவது குற்றச்சாட்டு வரலாறு சொல்வது. ஓவியம் முடிந்த அதே 1339இல் சியன்னா தனது தேவாலயத்தை மாபெரும் அளவில் விஸ்தரிக்கத் தீர்மானித்தது. 1348இல் கொள்ளைநோய் வந்தது. நகரின் மக்களில் மிகப் பெரும் பகுதியினர் மாண்டனர். தன் ஐந்து பிள்ளைகளையும் தன் கைகளாலேயே புதைத்ததாக அந்நகரின் வரலாற்றுக் குறிப்பாளர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். லொறென்ஸெற்றியும் அந்நோயிலேயே இறந்தார் என்று கருதப்படுகிறது. விஸ்தரிக்கத் தொடங்கிய தேவாலயத்தின் முடிவுறாத சுவர் இன்றும் அப்படியே நிற்கிறது. 1355இல் சக்கரவர்த்தி நான்காம் சார்ள்ஸ் நகருக்கு வந்த வேளையில் மக்கள் கிளர்ந்து ஒன்பதின்மரைத் துரத்தினார்கள். இரண்டு நூற்றாண்டுகளின் பின்னர், 1555இல், முற்றுகைக்கு ஆளாகிக் குடியரசே வீழ்ந்தது. சுவரிலிருந்த சமாதானம் சாய்ந்திருந்த இடத்தை விட்டு எழுந்து வந்து எவரையும் காப்பாற்றவில்லை.

இக்குற்றச்சாட்டுகள் பழங்கதை அல்ல என்பதற்கு எமது காலத்திலேயே சான்று உண்டு. நோர்வேயின் ஒஸ்லோ மாநகர மண்டபம் 1950இல் திறந்து வைக்கப்பட்டது. அதன் பிரதான மண்டபச் சுவரொன்றை ஹென்றிக் ஸொறென்ஸனின் மிகப் பெரிய ஓவியம் மூடியிருக்கிறது. மற்றொரு சுவரிலே அல்ஃப் றொல்ஃப்ஸன், 1940 முதல் 1945 வரை நாஸி ஜேர்மனியின் ஆக்கிரமிப்பில் அந்நாட்டு மக்கள் பட்ட பாட்டைத் தீட்டியிருக்கிறார். 1990 முதல் சமாதானத்திற்கான நொபெல் பரிசு இம்மண்டபத்திலேதான் வழங்கப்பட்டு வருகிறது.

1991இல் பரிசு பெற்ற ஆங் சான் சூகி வீட்டுக் காவலில் இருந்தமையால் அவரது பிள்ளைகளே அதைப் பெற்றுக்கொண்டனர். 2012 ஜூன் 16ஆம் திகதி அவர் நேரிலே வந்து, அச்சுவர்களின் நடுவே நின்று, தனது நொபெல் உரையை நிகழ்த்தினார். ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 2017 ஓகஸ்ட் மாதத்தின் பின்னர், அவர் அரசாங்கத்தின் தலைமையில் இருந்த மியன்மாரிலிருந்து ஏழு இலட்சத்திற்கும் அதிகமான றோஹிங்கியா மக்கள் தம் கிராமங்கள் எரிய, பங்களாதேஷுக்கு ஓடினார்கள். 2019 டிசம்பர் 11ஆம் திகதி அவர் ஹேக் நகரின் சமாதான மாளிகையிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நின்று, இனப்படுகொலைக் குற்றச்சாட்டுக்கு எதிராகத் தன் நாட்டின் சார்பில் வாதாடினார். அதற்கு முதல் நாள், டிசம்பர் 10ஆம் திகதி, ஒஸ்லோ மண்டபத்தில் அதே பரிசைப் பெற்றுக்கொண்டவர் எதியோப்பியப் பிரதமர் அபி அஹ்மத். ஓராண்டு கழிவதற்கு முன்னரே, 2020 நவம்பரில், டிக்றே யுத்தம் ஆரம்பமாயிற்று.

ஆக, சுவர் மனிதரைத் திருத்துவதில்லை. ஆக்கிரமிப்புக்கு உள்ளான மக்களின் துயரம் தீட்டப்பட்ட சுவருக்கு முன்னால் நின்று பேசியதும் ஒருவரைத் திருத்தவில்லை. இதனை ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொண்ட பின்னரே அடுத்த அடியை எடுத்து வைக்கலாம்.

சுவர் மனிதரைத் திருத்தும் என்று சியன்னாவின் ஒன்பதின்மர் நம்பினார்களா? நம்பியிருந்தால் பதவிக்காலத்தை இரண்டு மாதமாகக் குறுக்கியிருக்க மாட்டார்கள். வீட்டுக்கும் கடைக்கும் போகவிடாமல் தம்மைத் தாமே மாளிகைக்குள் அடைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தமது மனச்சாட்சியை அவர்கள் அவ்வளவாக நம்பவில்லை என்பதற்கு அவர்களது சட்டங்களே சாட்சி. அவ்வாறாயின் ஓவியம் எதற்கு?

அவர்கள் வட்டித் தொழில் தெரிந்தவர்கள் என்பது இங்கு முக்கியமானது. கடன் உறுதி ஒன்றை எழுதிக் கொடுப்பதன் பொருள் என்ன என்பது அவர்களுக்கு எம்மைவிட நன்றாகத் தெரியும். உறுதி எழுதுவதால் கடனாளி நேர்மையானவனாகி விடுவதில்லை. எழுதிக் கொடுத்தவன் அதை மறக்கலாம், மறுக்கலாம், ஊரை விட்டே ஓடலாம். ஆனால் தாள் அவனிடம் இருப்பதில்லை. அது கடன் கொடுத்தவன் கையில் இருக்கிறது. அதன் பலம் எழுதியவனின் மனத்திலல்ல, வைத்திருப்பவனின் கேட்கும் உரிமையிலேதான் இருக்கிறது. சியன்னாவின் சுவரை அவ்வாறான ஒன்றாகவே நான் வாசிக்கிறேன். ஆட்சியாளர், தாம் எதைச் செய்யக் கடமைப்பட்டவர்கள் என்பதைத் தமது செலவிலேயே, தமது அறையிலேயே, எழுத வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும் விதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதன் கீழுள்ள வாசகங்கள் கூட இலத்தீனில் அல்ல, ஊர்மக்கள் பேசிய இத்தாலிய மொழியிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

ஈரச்சுதை ஓவியத்தின் தன்மையும் இதற்கு ஒத்ததே. சுண்ணாம்புச் சாந்து காயும் முன்னரே அதன்மேல் வர்ணம் இடப்படுகிறது. சாந்து காற்றோடு கலந்து இறுகும்போது வர்ணமும் அதனுள்ளேயே இறுகிப் போகிறது. அது சுவரின் மேல் ஒட்டிய தோலல்ல, சுவரின் தசை. பிடிக்காவிட்டால் கழற்றி வைக்க முடியாது, உடைக்கத்தான் வேண்டும். நியூயோர்க்கின் றொக்கஃபெல்லர் கட்டடத்தில் 1933இல் டியேகோ றிவேரா தீட்டிக்கொண்டிருந்த சுவரோவியத்தில் லெனினின் முகம் வந்தபோது சொந்தக்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1934 பெப்ரவரியில் அதனை உடைத்தே அகற்றினார்கள். அங்கே சுவருக்குச் சொந்தக்காரன் இருந்தான். சியன்னாவிலோ இரண்டு மாதத்திற்கொருமுறை மாறும் ஒன்பது பேரில் எவனுக்கும் அச்சுவர் சொந்தமல்ல. 1355இல் அவர்களைத் துரத்தியவர்களும் அதைச் சுரண்டி எறியவில்லை. அவர்களுக்குப் பின்வந்த ஆட்சிகளும் எறியவில்லை. ஒன்பதின்மரைப் புகழும் படம் மாத்திரமாக அது இருந்திருந்தால் அவர்களோடு அதுவும் போயிருக்க வேண்டும்.

பழக்கம் பற்றிய குற்றச்சாட்டுக்கும் ஒரு பகுதிப் பதில் இங்கே கிடைக்கிறது. இரண்டு மாதத்தில் எவருக்கும் சுவர் பழகிப் போவதில்லை. ஒவ்வொரு இரண்டு மாதமும் ஒன்பது பேர் அதனைப் புதிதாகப் பார்த்தார்கள். நெடுங்காலம் ஒரே கதிரையில் இருப்பவனுக்கே நீதியின் படம் சுவரின் நிறமாகிப் போகிறது. அப்படிப் பார்த்தால் அது ஓவியத்தின் குறையன்று; கதிரையின் குறை.

உறுதி எவர் கையில் இருந்தது? 1425ஆம் ஆண்டிலும் 1427ஆம் ஆண்டிலும் பெர்னார்டினோ என்ற துறவி சியன்னா மக்களுக்குப் பிரசங்கம் செய்தபோது இவ்வோவியத்தை எடுத்துக்காட்டினார். ஒரு பக்கம் சமாதானம், மறுபக்கம் யுத்தம் என்று அதன் காட்சிகளை விவரித்தார். அவர் பேசியது மாளிகைக்குள் இருந்த அதிகாரிகளிடம் மட்டுமல்ல, சாதாரண சனங்களிடம். ஓவியம் தீட்டப்பட்டு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுதிக் கொடுத்தவர்களின் ஆட்சி மறைந்து இரண்டு தலைமுறைக்கு மேலாயிற்று. ஆனாலும் அதனைத் திறந்து காட்டி, பாருங்கள், எமக்குத் தரவேண்டியது இது, செய்யக்கூடாதது அது என்று சொல்ல ஒருவரால் முடிந்தது.

இந்த இடத்திலிருந்து ஒஸ்லோவைத் திரும்பிப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான கிராமத்தவர் துரத்தப்பட்டபோது மௌனம் காத்த ஆட்சியாளர்கள் உலகில் எத்தனையோ பேர். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட எமக்கு நினைவில் இல்லை. ஆங் சான் சூகியின் மௌனம் மாத்திரம் ஏன் அவ்வளவு உரத்துக் கேட்டது? அவர் அந்த மண்டபத்திலே நின்று பேசியிருந்தமையால்தான். வாக்கு எதுவும் கொடாதவன் செய்யும் கொடுமை வெறும் கொடுமை. வாக்குக் கொடுத்தவன் செய்வது வாக்குமீறலும் கூட. மீறப்பட்ட வாக்கை முன்வைத்து வழக்குப் பேசலாம். மியன்மாருக்கெதிராக கம்பியா என்ற சின்னஞ்சிறு நாடு சர்வதேச நீதிமன்றத்திற்குப் போனதும், மியன்மார் முன்னரே கையெழுத்திட்டிருந்த இனப்படுகொலைத் தடுப்புச் சமவாயத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான். 2020 ஜனவரி 23ஆம் திகதி அந்நீதிமன்றம் எஞ்சியிருக்கும் றோஹிங்கியா மக்களைப் பாதுகாக்குமாறு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. மறு ஆண்டு பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி, வாதாட வந்தவரையே சிறையிலிட்டது. முகாமின் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் ஒரு தாய்க்கு அந்த உத்தரவினால் என்ன கிடைத்தது என்று கேட்டால் தலைகுனிவதைத் தவிர வழியில்லை. ஆனால், அதுவும் இல்லாதிருந்தால் அவள் கேட்பதற்கு என்ன இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வெறும் உறுதி போதாது. அதைப் பிடித்து இழுப்பவர்கள் வேண்டும். லொறென்ஸெற்றி இதனைத் தெரிந்தே தீட்டியிருக்கிறார் என்பதற்கு அந்தக் கயிறுதான் ஆதாரம். அதன் போக்கைக் கவனமாகத் தொடர்ந்து போனால் ஒரு விடயம் புலப்படும். குடிமக்கள் 24 பேரும் கயிற்றைக் கையால் பிடித்திருக்கிறார்களே தவிர, அவர்களில் எவரும் அதனால் கட்டப்படவில்லை. கயிற்றின் மறுமுனையோ, செங்கோல் பிடித்திருக்கும் முதியவரின் மணிக்கட்டில் கட்டப்பட்டிருக்கிறது. கட்டுண்டிருப்பது ஆட்சி. பிடித்திருப்பது மக்கள். பிடித்தவர்கள் விட்டுவிட்டால், முதியவரின் கையிலிருந்து தொங்கும் ஓர் அலங்காரக் குஞ்சம் மாத்திரமே மிஞ்சும்.

விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் மேற்குச் சுவரின் வாசகங்கள் சொல்கின்றன. அந்நகரில் நீதி கொடுங்கோன்மைக்கு அடிமைப்பட்டதன் காரணமாக அவை காட்டுவது, அங்கே ஒவ்வொருவரும் தத்தம் நன்மையை மாத்திரம் நாடியதையே. கொம்பு முளைத்தவன் எங்கிருந்தோ படையெடுத்து வரவில்லை. கயிற்றை விட்டவர்களே அவனுக்கு ஆசனம் போட்டார்கள். இந்தக் குற்றச்சாட்டு ஆள்வோரைவிட ஆளப்படுவோருக்கே அதிகம் கசப்பானது. ஓவியத்தை அதிகாரத் துதி என்று ஒதுக்குவதில் எமக்கு உள்ளூர ஒரு சௌகரியம் உண்டு. அவ்வாறு ஒதுக்கும்போது நாம் பார்வையாளராக மாத்திரம் நின்றுவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. அவ்வறையில் நீதி ஒருமுறையல்ல, மூன்றுமுறை தீட்டப்பட்டிருக்கிறாள். ஒருமுறை தனியே, முதியவருக்குச் சமமான பேருருவமாக, ஞானத்தை நோக்கியபடி. இரண்டாம் முறை முதியவரின் பக்கத்து ஆசனத்தில், கையில் வாளும் மடியில் வெட்டுண்ட தலையுமாக. மூன்றாம் முறை கொடுங்கோன்மையின் காலடியில், கட்டுண்டு. ஆட்சி எப்போதும் எமக்குக் காட்டுவது நடுவில் உள்ளவளை. தன் பக்கத்திலே இருத்தி வைத்திருக்கும், வாள் பிடித்த நீதியை. சட்டம், ஒழுங்கு, தண்டனை, பாதுகாப்பு என்பன அவளது பெயர்கள். அவள் தேவையற்றவள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், தனியே வீற்றிருக்கும் முதலாமவளிடமிருந்து வரும் கயிறு அறுந்துவிட்டால், நடுவிலுள்ளவள் மூன்றாமவளாக மாறுவதற்கு நெடுநாள் எடுப்பதில்லை. கைதிகளும் தூக்குமரமும் நல்லாட்சியின் பக்கத்திலேயே தீட்டப்பட்டிருப்பதன் அபாயம் இதுதான். ஓவியர் அதனை மறைக்கவில்லை. 1318இல் அடக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் பிற்காலத்தில் அவ்வறைக்குள் வந்திருந்தால், தமக்கு இழைக்கப்பட்டதை அளப்பதற்கான கோலையும் அதே சுவரில் கண்டிருப்பார்கள்.

இறுதியாக, நான்காவது சுவர். அதில் ஓவியம் இல்லை. தெற்கே பார்க்கும் ஜன்னல் மாத்திரம். அறைக்கு வெளிச்சம் வருவது அதனூடாகத்தான். அந்தப் பக்கத்திலே சியன்னாவின் உண்மையான நாட்டுப்புறம் கிடக்கிறது. ஒன்பதின்மரில் ஒருவன், கிழக்குச் சுவரில் தீட்டப்பட்ட வயல்களையும் உழவரையும் ஆடுமாடுகளையும் பார்த்துவிட்டு, கழுத்தைச் சற்றே திருப்பினால் போதும். படத்திலுள்ள வயலுக்கும் வெளியிலுள்ள வயலுக்கும் இடையிலான வித்தியாசத்தை ஒரே பார்வையில் அளந்துவிடலாம். அச்சமின்றி உழலாம் என்று சுவரில் எழுதியிருக்கிறது. வெளியே உழுகிறவன் அச்சமின்றி உழுகிறானா? அவன் எழுந்துபோய் ஜன்னலருகே நின்றானா என்பதை எந்த ஓவியத்தாலும் உறுதிசெய்ய முடியாது.

ஆனால், அவன் எழுந்து போகவில்லை என்று குற்றஞ்சாட்டும் உரிமையை அச்சுவர்கள் மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கின்றன. மாநகர மண்டபங்களின் சுவர்களில் எழுதப்படும் நீதியிடமிருந்து இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேதைமை என்றால், இதனையும் எதிர்பாராதிருப்பது கயிற்றைக் கைவிடுவதாகும்.